ரப்பர் உடம்பு வித்தைக்கு அல்ல

ஜோகுபாளையம் சந்துகளில் கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொட்டுக் காட்டும் சிறுமிக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவளே மாலையில் முட்டி வலிக்கிறது என்றால், சோம்பேறி என்ற வசவுதான் கிடைக்கிறது. இது நியாயமா?

சிலருக்கு மூட்டு நார்கள் பிறவியிலேயே தளர்ந்திருக்கும். இதை அளக்க டாக்டர் பெய்ட்டன் குழுவினர் 1973-ல் வெளியிட்ட 9 மதிப்பெண் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. பலருக்குத் தொல்லை இல்லை. சிலருக்கு அடிக்கடி சுளுக்கு, மூட்டு நழுவல், தீராத வலி.

மேலும் வளைப்பது இதற்கு மருந்தல்ல. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளைப் படிப்படியாகப் பலப்படுத்த வேண்டும். முட்டியைப் பின்னுக்குத் தள்ளி நிற்கலாகாது. குமாஸ்தாக்கள் ஒரே நிலையில் நெடுநேரம் எழுதலாகாது.

வித்தை காட்டச் சொல்வதைப் பெரியவர்கள் நிறுத்தட்டும். வலி என்றால் நம்பி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லட்டும்.