பல்கனிக்குக் கொடுக்கும் பணம்

உல்லாசப் பயணக் கப்பலில் செல்வதற்கு இடம் பதிவு செய்கின்ற எவரும் எதிர்கொள்கின்ற கேள்வி ஒன்று இருக்கிறது. பல்கனியுடன் கூடிய அறையை எடுப்பதா அல்லது ஜன்னல்கூட இல்லாத உள்ளறையுடன் திருப்திப்பட்டுக்கொள்வதா என்பதே அது. கனடாவிலும் பிரிட்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவர்கள் அறுபதாவது பிறந்ததினம், திருமண வெள்ளிவிழா, பிள்ளைகளின் பட்டமளிப்பு என்று ஏதாவதொரு காரணத்தை முன்னிட்டுக் குடும்பமாகக் கப்பலேறத் தொடங்கிவிட்டதால் இந்தக் கேள்வி எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. எமது குடும்பத்தில் அது 2024 ஜனவரியில் ஸ்காபரோவிலிருந்து அக்காவின் தொலைபேசி அழைப்பாக வந்தது.

அம்மாவுக்கு அவ்வருடம் 79 வயது. அவர் அக்காவுடன்தான் இருக்கிறார். ஜூன் மாதத்தில் வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுகள் சென்றுவரும் கப்பலில் அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டும், நானும் மனைவியும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அக்காவின் திட்டம். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாத அத்தான் வீட்டில் இருப்பதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எம்மிருவருக்கும் கனேடிய விசாவுடன் அமெரிக்க விசாவும் தேவைப்பட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அறையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் இதைக் கவனிப்பது நல்லது.

விசா கிடைத்த பிறகு பல்கனித் தகராறு ஆரம்பமானது. உள்ளறைக்கும் பல்கனி அறைக்கும் இடையில் எமக்குச் சொல்லப்பட்ட விலை வித்தியாசம் ஒருவருக்கு 600 கனேடிய டொலர்கள். கப்பல் கட்டணங்கள் ஓர் அறையில் இருவர் என்ற அடிப்படையில் ஒருவருக்கான தொகையாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றன. எனவே அறையொன்றுக்கு வித்தியாசம் 1,200 டொலர்கள். இரண்டு அறைகளுக்கு 2,400. பத்திரிகைச் சம்பளத்தில் வாழ்ந்துவந்திருக்கும் எனக்கு இந்தத் தொகையை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்க்கவே துணிவு வரவில்லை.

அக்காவுக்கு ஒரு கணக்கை எழுதி அனுப்பினேன். ஏழு இரவுகள் என்றால் 168 மணித்தியாலங்கள். நித்திரைக்கு 56 போனால் மிகுதி 112. ஜூனோ, ஸ்காக்வே, கெற்சிகன் ஆகிய மூன்று துறைமுகங்களில் கரையிறங்கிச் செலவிடுவது ஏறத்தாழ 30. சாப்பாடு, நிகழ்ச்சிகள், குளியல் என்று நாளொன்றுக்கு ஐந்து வீதம் 35. எஞ்சுவது 47 மணித்தியாலங்கள். அவற்றில் பாதியைக் குளிர்காற்றும் மழையும் எடுத்துக்கொள்ளும். கெற்சிகன் அமெரிக்காவிலேயே மிகுந்த மழை பெறுகின்ற நகரங்களில் ஒன்று. ஆக, பல்கனியில் உட்காரக் கிடைக்கும் 24 மணித்தியாலங்களுக்கு 1,200 டொலர்கள், அதாவது மணித்தியாலத்துக்கு 50 டொலர்கள். அதே கடலை மேல்தளத்தில் நின்று எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இந்த வாதத்துக்கு வரலாற்றையும் துணைக்கு அழைத்தேன். 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் சொந்தமாக உலாவும் தளத்துடன் கூடிய அறைத்தொகுதிகள் இரண்டு மாத்திரமே இருந்தன. மற்றைய செல்வந்தர்கள் அனைவரும் பொதுத் தளத்தில்தான் காற்று வாங்கினார்கள். 1984 நவம்பரில் இளவரசி டயானா சவுதாம்ப்டனில் பெயர்சூட்டிய ரோயல் பிரின்சஸ் கப்பலே உள்ளறைகள் எதுவுமின்றி எல்லா அறைகளும் கடலைப் பார்த்தபடி அமைக்கப்பட்டதாகப் பெரிதும் பேசப்பட்டது. அதன் மேற்தட்டு அறைகள் பலவற்றுக்குப் பல்கனிகளும் இருந்தன. அதற்குப் பின்னர்தான் பல்கனி சாதாரண பயணிக்கும் விற்கப்படுகின்ற பண்டமாக மாறியது. இன்றைய பெருங்கப்பல்களில் பல்கனி அறைகளே பெரும்பான்மை. ஒரு காலத்தில் அரிதாக இருந்த ஆடம்பரத்தை, அது இல்லாவிட்டால் பயணமே வீண் என்று நினைக்கும்படி செய்துவிட்டார்கள் என்பது எனது வாதமாக இருந்தது.

பல்கனி என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொன்னேன். சிலவற்றுக்கு நேர்கீழே உயிர்காப்புப் படகுகள் தொங்கும், கடலுக்குப் பதிலாகப் படகின் கூரையைத்தான் பார்க்கலாம். இவற்றை மறைக்கப்பட்ட காட்சி என்று குறிப்பிட்டுச் சற்று மலிவாக விற்கிறார்கள். நீச்சற்குளத் தளத்துக்கு நேர்கீழேயுள்ள அறைகளில் விடியற்காலையில் தலைக்கு மேல் கதிரைகளை இழுக்கும் சத்தம் கேட்கும். பல்கனி அறைகள் பொதுவாக உயரத்தில் இருப்பதனால் கடல் கொந்தளிக்கும்போது ஆட்டமும் அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் உள்ளறையே ஆட்டம் குறைந்தது, விலையும் குறைந்தது.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கேட்டது ஒரேயொரு கேள்வி. “அந்த அறைக்கு யன்னல் இருக்கோ தம்பி?”

இல்லை என்றேன். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ” என்றார்.

முதுமையின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். இறுதியில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பல்கனி அறை, எனக்கும் மனைவிக்கும் உள்ளறை என்று சமரசமானது. அதன் பயனாக, ஒரே பயணத்தில் இரண்டு வகை அறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

உள்ளறையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஜூன் மாதத்து அலாஸ்காவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதிகாலையிலேயே விடிந்துவிடும். எங்கள் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, ஆழ்ந்த நித்திரை. ஆனால், கண் விழித்தபோது நேரம் நான்கா ஒன்பதா என்று அறியக் கைக்கடிகாரத்தைத் தேடவேண்டியிருந்தது. கப்பலின் முன்புறக் கமரா காட்டும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் மழையா வெயிலா என்று தெரிந்துகொண்டோம். மனைவிக்கு முதல் இரண்டு நாட்கள் இது பிடிக்கவில்லை. மூன்றாவது நாள் பழகிவிட்டது.

அப்பயணத்தின் மகுடம் கிளேசியர் பே என்னும் பனியாற்று விரிகுடாவில் கழிந்த நாளாகும். தேசியப் பூங்காவான அந்த விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு உல்லாசப் பயணக் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கி மூலம் விளக்கம் சொன்னார்கள். 1794ஆம் ஆண்டில் கப்டன் வன்கூவரின் குழுவினர் வந்தபோது விரிகுடா என்று சொல்லத்தக்கதாக அங்கு எதுவும் இருக்கவில்லை, பனியே அடைத்துக்கொண்டிருந்தது. 1879ஆம் ஆண்டில் இயற்கை ஆய்வாளர் ஜோன் மியூர் வந்தபோது பனி 30 மைல்களுக்கும் அதிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதற்கும் முன்னர், 18ஆம் நூற்றாண்டில் முன்னேறிவந்த பனி அங்கு வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் மக்களை அவர்களது ஊர்களிலிருந்து வெளியேற்றியது. 2016 ஆகஸ்டில்தான் அவர்களுக்கென ஒரு குலமனை அந்த விரிகுடாக் கரையில் மீண்டும் திறக்கப்பட்டது. ஊரிழந்தவர்களின் கதை எந்த மொழியில் சொல்லப்பட்டாலும் எமக்கு விளங்கிவிடுகிறது.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றபோது நான் முன்புற மேல்தளத்தில் இருந்தேன். ஏறத்தாழ ஒரு மைல் அகலமும் நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயரமும் கொண்ட நீலப் பனிச்சுவர் அது. அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து வீழ்வதைக் கண் முதலில் காண்கிறது, இடிமுழக்கம் சில கணங்கள் கழித்தே காதை அடைகிறது. அருகில் நின்ற பஞ்சாபிய முதியவர் ஒருவர் தனது தொலைநோக்கியை என்னிடம் தந்து, குடுவையிலிருந்து தேநீரும் ஊற்றித் தந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழத்தோட்டம் வைத்திருப்பவர். ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தோம். எமது ஊர்களில் வீதியைப் பார்த்தபடி இருந்த திண்ணைகள் செய்த வேலையைக் கப்பலில் மேல்தளம் செய்கிறது. எல்லோருக்கும் சொந்தமாகப் பல்கனி வந்துவிட்டால் அங்கே வருவதற்கு ஆளிருக்காது. பல்கனி ஒரு பக்கத்தை மாத்திரமே காட்டும், மேல்தளத்தில் வானமும் இரு கரைகளும் கிடைக்கும். காட்சியைப் பொறுத்தவரை எனது கணக்கு பிழைக்கவில்லை.

கப்டன் கப்பலை மெதுவாகத் திருப்பி இரு பக்கத்தவர்களுக்கும் பனியாற்றைக் காண்பித்தார். அம்மாவுக்கும் தெரிகிறதா என்று பார்க்க அவர்களது அறைக்கு இறங்கிப் போனேன். இரண்டு சால்வைகளும் கம்பளித் தொப்பியும் அணிந்து பல்கனிக் கதிரையில் அமர்ந்திருந்தார் அம்மா. முழங்கால் வலியுடன் அவரால் மேல்தளக் காற்றில் பத்து நிமிடங்கள்கூட நின்றிருக்க முடியாது. குளிர் உள்ளே வருகிறதே என்று கண்ணாடிக் கதவைச் சாத்தப் போனேன். “சாத்தாதை, திறந்தபடி இருக்கட்டும்” என்றார். இரவிலும் திரையை மூட விடுவதில்லை என்று அக்கா சொன்னார்.

அப்போதுதான் அம்மா 1997ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். தரைவழி மூடப்பட்டிருந்த அந்தக் காலத்தில், அப்பாவின் இருதய சிகிச்சைக்காக இருவரும் பாதுகாப்பு அனுமதிக்காகக் காத்திருந்து, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்தார்கள். கீழ்த்தளத்தில், பொதிகளுக்கும் வாந்தியெடுக்கும் குழந்தைகளுக்கும் இடையில் இரவு முழுவதும் இருந்திருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறது என்று அப்பா சொன்னபோது மேலே சென்று காற்று வாங்க அனுமதி கேட்டிருக்கிறார் அம்மா. கிடைக்கவில்லை. வெளியே கடல் இருக்கிறது என்பது ஆட்டத்தில் தெரிந்ததே தவிர ஒரு சொட்டுக் கடலைக்கூடக் காணவில்லை என்றார். அப்பா அதன் பின்னர் எட்டு மாதங்கள்தான் இருந்தார்.

அந்த வருடங்களில் கப்பலில் எத்தனை பேர் வந்திறங்கினார்கள், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து எத்தனையோ செய்திகள் எழுதியவன் நான். எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று எனது தாயிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மணித்தியாலத்துக்கு 50 டொலர்கள் என்று கணக்கெழுதி அனுப்பியபோது அவர் எதைக் கேட்டார் என்பது எனக்கு விளங்கியிருக்கவில்லை. அவர் கேட்டது காட்சியை அல்ல, தானே திறக்கக்கூடிய ஒரு கதவை.

அது அம்மாவின் தனிப்பட்ட அச்சம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 பெப்ரவரியில் யொக்கோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,700 பேருக்கும் அதிகமானோர் இருந்தனர். 700 பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. பயணிகள் இரு வாரங்கள் அறைகளுக்குள் அடைபட்டனர். பல்கனி உள்ளவர்கள் வெளிக்காற்றைச் சுவாசித்தார்கள், உள்ளறைகளில் இருந்தவர்கள் முறைவைத்துச் சிறிது நேரம் தளத்துக்கு அழைத்துச் செல்லப்படும்வரை காத்திருந்தார்கள். ஆனால், இதைக் காட்டி எல்லோரும் பல்கனி எடுக்கவேண்டும் என்று வாதிடுவது, விபத்துக்குப் பயந்து பஸ்ஸில் ஏறாமல் இருப்பதைப் போன்றதாகும்.

ஆகவே, அறை பதிவு செய்யவிருப்பவர்களுக்கு எனது அபிப்பிராயம் இது. நாளுக்கொரு துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கும் மத்தியதரைக் கடல் பயணத்தில், நல்ல கால்களுடன் இருப்பவர்களுக்குப் பல்கனி அநாவசியம். அந்தப் பணத்தில் கரையில் நன்றாகச் சுற்றலாம், அல்லது இன்னொருவரையும் அழைத்துச் செல்லலாம். கரையோரக் காட்சியே பயணத்தின் நோக்கமாக இருக்கும் அலாஸ்காவிலும் நோர்வேயின் குடாக்களிலும் அது யோசிக்கத்தக்கது. அங்கும் கூட மேல்தளம் இருக்கிறது என்பதை மறக்கவேண்டியதில்லை. உங்களுடன் வருபவர்களில் மேல்தளத்துக்கு ஏறமுடியாதவர், நாளின் பெரும்பகுதியை அறைக்குள் கழிக்கப்போகிறவர், அடைபட்ட இடத்தில் இருக்க அஞ்சுபவர் எவராவது இருந்தால் கணக்குப் பார்க்காதீர்கள். அவருக்காக எடுங்கள், மற்றவர்கள் உள்ளறையில் படுத்துக்கொள்ளலாம். எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னர் அந்த அறை கப்பலின் வரைபடத்தில் எங்கே இருக்கிறது, கீழே படகு தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, வீட்டில் முதியவர் ஒருவர் யன்னல் இருக்கிறதா என்று கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்காமல் 27 வருடங்கள் இருந்துவிட்டேன்.

வன்கூவரில் கரையிறங்கிய காலையில் அக்காவிடம் 600 டொலர்களைக் கொடுத்தேன், அம்மாவின் பல்கனிக்கு எனது பங்காக. முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். அது எதற்கான பணம் என்று அம்மா கேட்டபோது, கப்பலில் சாப்பிட்ட கணக்கு என்று அக்கா சொல்லிவிட்டார்.