பளபளக்கும் டயலை நம்பலாமா?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் புதிதாக வந்த வீட்டில் முதலில் நடப்பது தேடல்தான். சிலர் சினிமா பாட்டு தேடுவார்கள். நான் தேடியது 1950-களின் தங்கக் கைக்கடிகாரம்!

காரணம் என் பாட்டா. (குமரி மாவட்டத்தில் தாத்தாவை அப்படித்தான் அழைப்போம்.) கொழும்பிலிருந்து கடியப்பட்டணத்துக்கு அவர் கட்டி வந்த சுவிஸ் வாட்சை, அவர் காலத்துக்குப் பிறகு வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நகைக் கடையில் கேஸை மட்டும் நிறுத்து எடுத்துக்கொண்டு, 17 ஜூவல் மெஷினைக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்தார்கள். அது இன்றும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அதே மாதிரி ஒன்றை நெட்டில் பார்த்ததும் பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். டயல் புதுசு போல மின்னியது. அங்கேதான் ஏமாந்தேன். நாகர்கோவிலில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் மூடியைத் திறந்தார். உள்ளே "20 மைக்ரான்" என்று இருந்தது. அதாவது தங்கம் அல்ல, தங்க முலாம். டயலும் பிறகு பெயின்ட் அடித்ததாம்.

என் கருத்து இதுதான். வாட்சை டயலின் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பின்மூடியின் உட்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். படத்தைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால் பெரிதாகத் தெரியும். 18 காரட் என்றால் 0.750, 14 காரட் என்றால் 0.585 என்ற எண் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் செய்த தங்க கேஸ்களில் 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலையும், 14 காரட்டுக்கு அணிலும் முத்திரையாக இருக்கும். படம் மங்கலாக இருந்தால் வேறு படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

டயலின் அடியிலும் ஒரு துப்பு உண்டு. "டி ஸ்விஸ் டி" என்று ஆங்கிலத்தில் இருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் என்று பொருள். அது 1960-களில்தான் பழக்கத்துக்கு வந்தது. 1950-ஆம் ஆண்டு வாட்ச் என்பவரிடம் அந்த டயல் எப்படி வந்தது? கேளுங்கள். விற்பவர் காட்டும் படத்தையே கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர், வேறு பெயரில் வந்தால் கதை முடிந்தது.

கடலோர வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தங்கம் துருப்பிடிக்காது. உள்ளே இருக்கும் இரும்பு பாகங்களை உப்புக் காற்று விடாது. எனவே மெஷின் படமும் அவசியம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே பழைய தங்க வாட்ச் இருக்கிறதா? தங்க விலையைப் பார்த்து எடைக்குப் போடும் முன், முன்னும் பின்னும் படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்பெனிப் பெயரையும் மூடியில் உள்ள எண்ணையும் போட்டுத் தேடுங்கள். கேஸும் மெஷினும் சேர்ந்திருந்தால்தான் அது வாட்ச். மூடியை நீங்களே கத்தியால் நெம்ப வேண்டாம். அக்காலத்து ஒளிரும் டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, அங்கேயே படம் எடுத்திடுங்கள்.