பூமிக்கடியில் ஒரு பங்காளி

பி.காம். படித்தவனுக்கு உலகம் இரண்டே வகைதான். பற்று, வரவு. எதில் எழுதுவதென்று தெரியவில்லையா, இருக்கவே இருக்கிறது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். ஆடிட்டர் வரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள்.

உயிரினங்களை வகை பிரித்துப் பேரேட்டில் ஏற்றுகிறவர்களிடமும் இப்படி ஒரு கணக்கு உண்டு போலிருக்கிறது. 1917-18 வாக்கில் அன்னன்டேலும் சி.ஆர். நாராயண ராவும் ஒரு விசித்திரத் தலைப்பிரட்டையை எழுதி வைத்தார்கள். காட்டாற்று வெள்ளத்திலும் பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கிற வாய் அதற்கு. அது வளர்ந்து யாராகிறது? எண்பது வருஷத்துக்கு மேல் பதில் இல்லை.

இடுக்கிப் பக்கம் ஆசாமி அகப்பட்டான். ஊதா நிறத் தவளை. ஊதின பலூன் மாதிரி உடம்பு, சம்பந்தமே இல்லாமல் குட்டியாகப் பன்றி மூக்கு. மண்ணுக்கடியில் கரையான் தின்றுகொண்டு கிடக்கும். வருஷத்தில் சில நாள், மழைக்காலத்தில், கல்யாணத்துக்காக மட்டும் மேலே வரும். (உங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பாரே, இன்க்ரிமென்ட் சமயத்தில் மட்டும் தென்படுகிறவர்!)

தெரிந்த எந்தத் தவளைக் குடும்பத்திலும் இதை உட்கார வைக்க முடியவில்லை. டி.என்.ஏ.வைப் பார்த்தால், நெருங்கிய சொந்தக்காரர்கள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். யாரும் நீந்திப் போகவில்லை சார். இந்தியாவும் செஷல்ஸும் ஒட்டிக்கொண்டிருந்த காலத்துப் பங்காளிகள். நிலம் பாகம் பிரிந்தது சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். 2003-ல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்து ஃப்ராங்கி போஸ்யூட்டும் இதற்காகத் தனிக் குடும்பமே திறந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெயர், நாஸிகாபட்ராகஸ் ஸஹ்யாட்ரென்சிஸ். ஒரே பெயரில் நம் நாசியும் சஹ்யாத்ரி மலையும், நடுவில் ஒரு கிரேக்கத் தவளையும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பெயர் இல்லாத பிராணி எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறாது. அதன் ஓடையில் அணை கட்டினாலும் ஆட்சேபம் எழுத ஆளில்லை.

2017-ல் மலையின் இந்தப் பக்கம், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் சரகத்தில், இன்னொன்றுக்குப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பக்கத்து அண்ணன் கல்யாணத்துக்குத் தென்மேற்குப் பருவமழையைப் பார்ப்பான். இவனுக்கு வடகிழக்கு. வைத்த பெயர் 'பூபதி'. கோவை சலீம் அலி மையத்தில் ஊர்வனவற்றை ஆராய்ந்தவர் எஸ். பூபதி. 2014-ல் அகஸ்தியமலையில் ஆய்வுக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துபோனார்.

ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் போனால் ஓடையோரம் காதைத் தீட்டிக் கேளுங்கள். ஆளைப் பார்ப்பது கஷ்டம். மண்ணுக்குள் இருந்தபடியேதான் கூப்பிடுவான்.