வீட்டுக்கு ஒரு பிரிண்டர்: விலை சிறிது, மை பெரிது!

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெரு பக்கம் நடப்போர், போட்டோஸ்டாட் கடை வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் காத்து நிற்பதைக் காணலாம். பி.எஸ்.சி. விண்ணப்பம், சான்றிதழ், பள்ளிப் பிராஜெக்ட் என எதற்கும் அச்சிட்ட தாள் தேவைப்படுகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கோ பயிற்சித் தாள்கள் இங்குள்ள கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டால்தான் உண்டு. 2020 ஜூனில் வகுப்புகள் வீட்டுக்கே வந்தபோது இத்தேவை பல குடும்பங்களுக்குப் புரிந்தது. வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வாங்கிவிடலாம் என்ற ஆசையும் பிறந்தது.

வாங்கலாம். ஆனால் மாதச் சம்பளக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் விலையை அல்ல, மையின் விலையை.

இயந்திரத்தை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்ப்பது இத்தொழிலின் பழைய வழி. எண்ணூறு ரூபாய்க் கார்ட்ரிட்ஜில் 120 பக்கம் வந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய்! கடையில் மூன்று ரூபாய்க்கு முடியும் வேலை அது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

இந்தோனேசியாவில் இதைப் பொறுக்காத மக்கள் பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டியைப் பொருத்திக்கொண்டார்கள். அதைக் கண்ட எப்சன் நிறுவனம் 2010இல் அங்கேயே தொட்டியுள்ள பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேனன், எச்.பி., பிரதர் ஆகியவையும் பின்னர் அவ்வழிக்கு வந்தன. இவற்றில் ஒரு கறுப்பு மைப் புட்டியே சில ஆயிரம் பக்கங்களுக்கு வரும். ஆனால் இயந்திரத்தின் விலை அதிகம்.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தாளும் மையும் போகப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் மிச்சமாகட்டும். மாதம் 200 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு இரண்டரை ஆண்டில் முதல் திரும்பும். மாதம் 30 பக்கம் மட்டும் என்றால் பதினாறு ஆண்டுக்கும் மேல் ஆகும்! அத்தகைய வீட்டார் கடைக்குப் போவதே விவேகம். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாக வாங்குவதும் நல்ல யோசனையே.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். இங்க்ஜெட்டைச் சும்மா வைத்தால் மை உலர்ந்து, அச்சிடும் முனையிலுள்ள நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் வந்து பார்த்தால் வெள்ளைக் கோடுகள்தான் விழும். அடைப்பை நீக்கும் ஒவ்வொரு முறையும் மை வீணாகிறது. வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி நிறுத்தினால்தான் முனை மூடிக்கொள்ளும். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாளை உறையிட்டு வைப்பது நல்லது. சாய மையால் அச்சிட்ட விண்ணப்பம் மழையில் நனைந்தால் எழுத்து கலையும். பிக்மென்ட் மை அவ்வளவு எளிதில் கலையாது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: புட்டி மை என்ன விலை, எத்தனை பக்கம் வரும்? சர்வீஸ் நகருக்குள்ளேயே உண்டா? உத்தரவாதம் ஆண்டுக் கணக்கா, பக்கக் கணக்கா? பல மாடல்களில் இவ்விரண்டில் எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்துவிடும்.

இதற்குச் சரியான பதில் சொல்லாத கடையில், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காமல் திரும்புவதே லாபம்.