பாட்டியின் வாயும் பேரனின் கேள்வியும்



அண்மையில் அறிவியல் பாடவேளையில் பற்களின் வகைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். திரிங்காப் பக்கத்துத் தோட்டச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, வெற்றிலை போட்டுப் போட்டு எங்கள் பாட்டியால் வாயை அகலமாகத் திறக்க முடியவில்லை. ஏன்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் வேதிப்பொருள் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவை மிகுதியாகச் சேரச் செய்கிறது. கன்னம் இறுகி, வாய் திறப்பது குறைகிறது. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம் காணப்படுகிறது.

ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துப் போட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவது ஏன்? இதனை ஆராய்வது வாய், முக, மண்டையோட்டு உயிரியல் என்னும் துறை. கருவில் ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்திற்குள் இணைய வேண்டிய அண்ணம் சில குழந்தைகளுக்குப் பிளவுபட்டு நிற்பதேன் என்று கேட்பதும் இத்துறையே. 1972-இல் பல் மருத்துவப் புலம் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்கென்றே தனி மையம் உண்டு.

இத்துறையில் முனைவர் பட்டப் பயிற்சி என்பது மனப்பாடமன்று. மூன்றாண்டோ அதற்கு மேலோ ஒரே கேள்வியோடு வாழ்வது. நோயாளியின் ஒப்புதல் பெற்றுத் திசுவைச் சேகரிக்க வேண்டும். ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்க்க வேண்டும். தன் ஊகம் தவறானால் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வாளர் முன் ஆய்வேட்டை நிலைநாட்ட வேண்டும். பல் மருத்துவர் மட்டுமல்லர், உயிரியல் படித்தவரும் இப்பயிற்சியில் சேரலாம்.

நம் பெற்றோருக்கோ, 'டாக்டர்' என்றால் கிளினிக் வைத்திருப்பவர் மட்டுமே. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துக் குடும்பம் மகனின் முதல் சம்பளத்திற்காகக் காத்திருக்கிறது. கல்விக்கடனும் கழுத்தை நெரிக்கிறது. ஆனால், தேர்வில் சிறந்தவர்க்கு மேடைபோட்டு மாலை சூட்டும் நம் இயக்கங்கள், ஆய்வு மாணவர் ஒருவரின் ஓராண்டுச் செலவை ஏற்கக் கூடாதா?

நோயாளிகளாக நாம் இருக்கிறோம். ஆய்வாளர்களாகவும் நாம் இருக்க வேண்டாமா? ஒப்புதல் தாளில் எழுதியிருப்பதைப் பாட்டிக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லவும், "ஏம்மா, எத்தனை வருசமா வெத்தலை போடுறீங்க?" என்று வாஞ்சையோடு கேட்கவும் நம்மவர் வேண்டும்.

அந்தப் பணி பல்கலைக்கழகத்தில் தொடங்குவதன்று. நம் வகுப்பறையில் தொடங்குவது. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்று அன்று அவனை நான் அடக்கியிருந்தால், ஓர் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் கருத்து என்ன?