சங்கிலி முழுசாகத் தெரியாமல் பழி போடாதீர்கள்



இது கொஞ்சம் கம்ப்யூட்டர் சங்கதி. அந்தத் துறையில் இல்லாத உறவுக்காரர்களும் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சில நாள் முகம் வாடி ஆபீசிலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு ப்ரோக்ராம் பாதியில் விழுந்தால், ஜிடிபி போன்ற டீபக்கரில் 'பேக்ட்ரேஸ்' கேட்போம். எந்த ஃபங்ஷனை எது கூப்பிட்டது, அதை எது கூப்பிட்டது என்று வரிசையாகக் காட்டும். பல சமயம் மேலே ஒரே ஒரு பெயர். கீழே எல்லாம் இரட்டைக் கேள்விக்குறி. உடனே, "இதை எழுதியது யார்?" என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை எழுந்து நிற்கிறது.

இது நியாயமில்லை. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் ஒருவர் விழுந்தால், தள்ளியது நாலு ஆள் பின்னால் இருப்பவராக இருக்கலாம். விழுந்தவரையே குற்றவாளி ஆக்கலாமா?

வரிசை ஏன் அரைகுறையாகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று, சங்கிலி இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. சிம்பல்களை நீக்கிவிட்டார்கள். 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' கட்டளை கொடுத்தால், எந்த லைப்ரரிக்கு டீபக் தகவல் இல்லை என்று தெரியும். கோர் ஃபைல் ஒரு பில்டு, கையில் இருக்கும் ப்ரோக்ராம் வேறு பில்டு என்றால் இன்னும் ஆபத்து: தப்பான பெயரே வரலாம்.

இரண்டு, சங்கிலியே அறுந்துவிட்டது. அரே எல்லை தாண்டி எழுதினால், ஸ்டேக்கில் இருக்கும் திரும்பும் முகவரி அழிந்துபோகும். அதற்கு ஆட்ரஸ் சானிடைசர் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மூன்று, யாரும் தப்பு செய்யாமலே வரி காணாமல் போகலாம். வேகத்துக்காக கம்பைலர் சில ஃபங்ஷன் அழைப்புகளை வெறும் தாவலாக மாற்றிவிடும். கூப்பிட்டவர் பெயர் பட்டியலில் வராது. ஆப்டிமைசேஷனைக் குறைத்துப் பார்த்தால் புரியும்.

நம் அடையாறுக்குப் பக்கத்தில், ஐஐடி மெட்ராஸில் உருவான 'சக்தி' ப்ராசஸர் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. அதில் திரும்பும் முகவரி முதலில் 'ஆர்ஏ' என்ற ரெஜிஸ்டரில்தான் இருக்கும். இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் அதை ஸ்டேக்கில் பத்திரப்படுத்துவது கம்பைலரின் வேலை. அசெம்பிளியில் எழுதினால் அது உங்கள் வேலை. எங்கே வைத்தோம் என்று டீபக்கருக்குக் குறிப்பும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது பாவம், எங்கே போய்த் தேடும்?

ஃப்ரேம் பாயிண்டர் வைத்தால் வேகம் குறையும் என்று பல வருடம் அதை விட்டுவிட்டார்கள். 2023-இல் ஃபெடோரா 38, 2024-இல் உபுண்டு 24.04 இரண்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. துளி வேகம் போனாலும், என்ன நடந்தது என்று தெரிவது முக்கியம் என்று பெரியவர்களே முடிவு செய்த பிறகு, நம் ஊர் ஆபீஸ்களுக்கு என்ன தயக்கம்?

டீம் லீடாக இருக்கும் என் மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு பில்டின் டீபக் சிம்பலையும் தனியாகச் சேமித்து வையுங்கள். பேக்ட்ரேஸ் 'மெயின்' வரை, த்ரெட் என்றால் அது தொடங்கிய இடம் வரை போகாதவரை யார் பெயரையும் மீட்டிங்கில் சொல்லாதீர்கள்.

கல்லூரியில் பாடம் எடுப்பவர்களுக்கு ஒன்று. பிளஸ் டூவில் பைத்தான் படித்த பிள்ளைகள், எர்ரர் வந்தால் முழு வரிசையும் தானாகவே வரும் என்று பழகியவர்கள். சி, சி பிளஸ் பிளஸில் அதை நாமே முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டும். லேப் தேர்வில் ஒரு கேள்வியாவது உடைந்த பேக்ட்ரேஸைச் சரிசெய்வதாக இருக்கட்டும்.

பழியைச் சுமக்கும் பிள்ளைக்கு அது ஒரு வருட இன்க்ரிமெண்ட், சில சமயம் வேலையே. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுதாதீர்கள்.