மானியம் கூரைக்கு, கூரை யாருக்கு?

சூரியனை எதிர்க்கிறவன் எவனாவது உண்டா? உண்டு. அமெரிக்காவில் ட்ரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றைக்கே, கடலில் காற்றாலை வைக்கப் புதிதாகக் குத்தகை விடுவதை நிறுத்தினார். ஜூலையில் காற்றுக்கும் சூரியனுக்கும் கொடுத்த வரிச்சலுகைகளை வெட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே நாம் ‘சோலாருக்கு ஏன் இத்தனை அவசரம், யாருக்கு இந்த மானியம்’ என்று வாயெடுத்தால், உடனே நம்மையும் அந்த ஆள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் நண்பர்கள். முற்போக்கு நண்பர்கள்தான்.

பழவேற்காட்டுக்காரனுக்கு நிலக்கரி மேல் காதல் எதுவும் கிடையாது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில், கையால் சேற்றைத் தடவி எறால் பிடிக்கிற இருளப் பெண்களிடம் போய் நிலக்கரியின் பெருமையைப் பேசிப் பாருங்கள். ஆகவே சோலார் வரட்டும், காற்றாலையும் வரட்டும். யாரைக் கேட்டு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

காட்டுப்பள்ளி அதானி துறைமுகத்தை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக விரிக்க 6,111 ஏக்கர் கேட்டார்கள். கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அதில் அடக்கம். 2021 ஜனவரி 22 அன்று பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்றார்கள். குப்பங்கள் திரண்டு எதிர்த்தன, தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். கருத்துக்கேட்பு ஒரு சடங்கு, ஏமாற்று என்று நாமே எத்தனை தடவை திட்டியிருக்கிறோம்! ஆனாலும் அந்தச் சடங்கு சட்டத்தில் இருந்ததால்தான் கம்பெனி ஒரு தேதி சொல்ல வேண்டியிருந்தது. தேதி இருந்ததால்தான் மக்கள் திரள முடிந்தது.

சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் இந்தத் தேதியே கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் அவை இரண்டும் இல்லை. பட்டியலில் இல்லையென்றால் முன் அனுமதியும் இல்லை, கூட்டமும் இல்லை. ராமநாதபுரம் கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டினார்கள். உலக சாதனை என்று எழுதினார்கள். நிலம் விற்றவனுக்கு விலை கிடைத்திருக்கும். அந்த மாதிரி நிலத்தில் களையெடுத்தவளுக்கும், ஆடு ஓட்டினவனுக்கும், விறகு பொறுக்கினவளுக்கும்? 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் கூலியாளையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுக்கிறது. கம்பெனி நேரே பேசி வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

இதே ஏரியின் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும்போது அதை நிலையாகத் திறந்துவை என்று மீனவர்கள் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? அந்தக் கோப்பு வனத்துறை, வனவிலங்கு அனுமதி என்று சுற்றியது. மீன் உள்ளே வர அனுமதி வேண்டும். பேனல் உள்ளே வர வேண்டாம்.

‘தரிசில்தானே வைக்கிறோம்’ என்பார்கள். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூலைப் பாருங்கள். சதுப்பு நிலம், உவர் நிலம், கடற்கரை மணல் எல்லாம் அதில் தரிசுதான். அப்படிப் பார்த்தால் பழவேற்காட்டில் மிச்சம் என்ன? 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அன்றைக்குப் பொன்னேரி அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அடுத்த வருஷம் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. தரிசைத்தான் தந்தார்கள். மண்வெட்டி போட்டு விளையவைத்த பிறகு அது மற்றவன் கைக்குப் போனது. திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994-இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் உயிர் போனது. இப்போது தரிசும் நமக்கில்லை என்கிறார்கள்.

மானியத்துக்கு வருவோம். நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை ராத்திரி வேலை. பகலில் ஃபாரம் சரிபார்க்கிறேன். 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீட்டுக்கு சோலார் என்று 75,021 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். சொந்த வீடு வேண்டும், பேனல் தாங்கும் கூரை வேண்டும், வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டும். கவுண்டருக்கு வருகிறவர்கள் மாடி வீட்டுக்காரர்கள். ஏரிக்கரைச் சேரியிலிருந்து வந்த ஒரு அக்கா சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாங்க: “சார், ஓலை மேல வெப்பாங்களா?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவங்க கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் அவங்களும்தான் வரி கட்டுகிறாங்க.

2024 ஜூனில் கடற்காற்றாலைக்கு மத்திய அமைச்சரவை 7,453 கோடி ஒதுக்கியது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. கடலுக்கு யாரிடமும் பட்டா இல்லை. தரிசு என்று சொல்ல இன்னும் சுலபம்.

சோலாரையும் காற்றாலையையும் அந்த 2006 பட்டியலில் சேர்க்கச் சொல்லுவோம். கூட்டத்தைத் தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைக்காமல் சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் வைக்கச் சொல்லுவோம்.

குப்பத்து அண்ணன்மாரிடமும் ஒரு வார்த்தை. ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறீர்கள். சண்டையில்லாத ஏற்பாடு என்று ஆராய்ச்சியாளர்கள் மெச்சுகிறார்கள். அந்தச் சீட்டில் பட்டினவர் பேர்தான் இருக்கிறது. அதே தண்ணீரில் பிழைக்கிற சேரிக்காரனுக்கும் இருளருக்கும் இடமில்லை. துறைமுகத்தை எதிர்த்து நிற்கும்போது நாங்களும் உங்களோடு நிற்கிறோம். நாளைக்கு அதிகாரி வந்து, ‘ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்கள் யார் யார்’ என்று கேட்டால், பாடு நோட்டை மட்டும் எடுத்து நீட்டுவீர்களா?